டாப்ஸை முதல் வரிசையிலிருந்து இறக்கலாமா? பேக்கர்ஸ் ரிசீவர்கள், ஜூலை 2025

காகிதஆலை_கரூர் (ஆப்பிள்டன், விஸ்கான்சின்)

எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி கிரீன் பே பேக்கர்ஸ், பிலடெல்பியாவில் ஜனவரி 12 அன்று ஈகிள்ஸோடு ஆடிய வைல்ட் கார்டு ஆட்டத்தை (பிளேஆஃபின் முதல் சுற்று) என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதற்கு முந்தைய வாரமே, எங்கள் மைதானமான லாம்போவில் பேர்ஸுக்கு எதிராக, யாரும் மோதாமலேயே, எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் வாட்சனின் வலது முழங்கால் போய்விட்டது. ஈகிள்ஸ் ஆட்டத்தில் இன்னொரு ரிசீவர் ரோமியோ டாப்ஸ் எண்ட் சோனில் (மைதானத்தின் கடைசிப் பகுதி) விழுந்து தலையில் அடிபட்டு வெளியேறினார். ஜேடன் ரீடுக்குத் தோளில் அடி. 22-10 என்று தோற்றோம். பந்தை எறியும் குவாட்டர்பேக் ஜோர்டன் லவ் மூன்று இன்டர்செப்ஷன் கொடுத்தார், அதாவது மூன்று தடவை எதிரணி கையில் எறிந்தார் என்று ஊரெல்லாம் அவரைத் திட்டியது. எனக்கு அன்று இரவு முழுக்க ஒரே கேள்விதான்: அந்த மனிதர் யாரை நம்பி எறிவார்?

நான் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் ஒரு காகித ஆலையில் வேலை செய்கிறேன். கரூரில் புகளூர் ஆலைப் புகையைப் பார்த்து வளர்ந்தவன். இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் இரவு ஷிஃப்ட் சகாக்கள்தான் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்தி எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது அதே மேசையில் ஒரு மாதமாக ஒரே சண்டை. அதைத் தமிழில் போட்டுப் பார்க்க ஆசை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

பின்கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2022 மார்ச்சில் எங்கள் முதல் ரிசீவர் டாவாண்டே ஆடம்ஸை ரெய்டர்ஸ் அணிக்குக் கொடுத்தோம். அதற்கு முந்தைய பருவத்தில் 123 கேட்ச், 1,553 யார்டு எடுத்தவர் அவர். பதிலுக்கு வந்த இரண்டு டிராஃப்ட் தேர்வுகளில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பது) ஒன்று 53ஆம் எண். அதோடு நம் 59ஐயும் சேர்த்து வைக்கிங்ஸிடம் கொடுத்து 34ஆம் இடத்துக்கு ஏறி வாட்சனை எடுத்தார்கள். அதே ஆண்டு நான்காம் சுற்றில் டாப்ஸ். அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றில் ரீட், ஐந்தாம் சுற்றில் டான்டேவியன் விக்ஸ். நால்வருமே நல்ல பிள்ளைகள்தான், ஆனால் ‘இவன்தான் எங்கள் நம்பர் ஒன்’ என்று விரல் நீட்டும்படி ஒருவரும் எழவில்லை. இந்தப் பிப்ரவரியில் பந்தோடு ஓடும் நம் ஜோஷ் ஜேக்கப்ஸே, நிரூபித்துக் காட்டிய ஒரு நம்பர் ஒன் ரிசீவர் நமக்குத் தேவை என்று வெளிப்படையாகப் பேசிவிட்டார்.

அப்புறம் ஏப்ரலில் டிராஃப்ட் நம்ம கிரீன் பேயிலேயே நடந்தது. 23ஆம் தேர்வில் டெக்சாஸ் பல்கலையின் மேத்யூ கோல்டன் பெயரைப் படித்தபோது எழுந்த சத்தம் இருக்கிறதே! நான் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நின்றேன். 2002இல் ஜேவன் வாக்கரை எடுத்த பிறகு முதல் சுற்றில் ஒரு ரிசீவரை எடுத்ததே இல்லை. 23 வருடப் பசி அது. மூன்றாம் சுற்றில் மறுபடி ஒரு ரிசீவர், டிசியூ பல்கலையின் சேவியன் வில்லியம்ஸ்.

இப்போது என் கேள்வி. எங்கள் ஷிஃப்டில் பாதிப் பேர் கோல்டனை முதல் ஆட்டத்திலிருந்தே முதல் வரிசையில் போட்டு டாப்ஸை இரண்டாம் வரிசைக்கு இறக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது தப்பாகப் படுகிறது. கோல்டன் விளையாடட்டும், நிறையவே விளையாடட்டும். ஆனால் வாட்சன் வரும்வரை அவர் வாட்சனின் இடத்தில் நிற்க வேண்டும். டாப்ஸின் இடத்தைத் தொடக்கூடாது.

டாப்ஸின் 2024 கணக்கு 46 கேட்ச், 601 யார்டு, 4 டச்டவுன் (எண்ட் சோனில் பந்தைச் சேர்ப்பது). பார்க்கச் சாதாரணம்தான். ஆனால் ஜேக்கப்ஸ் 1,329 யார்டு ஓடினாரே, அந்த ஓட்டங்களை மறுபடி போட்டுப் பாருங்கள். ஓரத்தில் எதிரணிக் காவலரான கார்னர்பேக்கை மறித்துத் தள்ளிக்கொண்டு நிற்பவரை யாரும் கவனிப்பதில்லை, பல தடவை அது டாப்ஸ்தான். மூன்றாம் டவுனில் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) ஏழு யார்டு தேவைப்படும்போது, முதுகில் ஆள் ஒட்டியிருந்தாலும் பந்தைப் பிடித்துக்கொண்டு விழுகிற உடம்பு அவருக்கு. 2024 ஜனவரியில் டல்லாஸில் அவர் 151 யார்டு எடுத்த நாளை மறந்துவிட்டோமா? ஏழாம் இடத்தில் நுழைந்த அணி பிளேஆஃப் ஆட்டம் வென்றது அதுதான் முதல் தடவை.

நீங்கள் யாரை எங்கே போடுவீர்கள்?

ஆஸ்டின்_தமிழன்

அண்ணா, நான் டல்லாஸ் கவ்பாய்ஸ் ஊர்ப் பக்கம் இருப்பவன், அந்த 48-32 ஆட்டத்தை நினைவுபடுத்தியதற்கு உங்களை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஆனால் கோல்டனைப் பற்றி நான் பேசியே ஆக வேண்டும். போன பருவம் லாங்ஹார்ன்ஸ் (டெக்சாஸ் பல்கலை அணி) ஆடிய எல்லா உள்ளூர் ஆட்டங்களுக்கும் போனவன் நான்.

பொதுவாக எல்லோரும் சொல்வது 4.29 விநாடி, 40 யார்டு ஓட்டம். அதைக் கேட்டவுடன் ‘சரி, இவன் நேராக ஓடுகிறவன், மேலே ஒரு பந்து போட்டால் எடுப்பான்’ என்று நினைத்துவிடுகிறார்கள். வாட்சனின் இடத்தில் அவரை நிறுத்துங்கள் என்று நீங்கள் சொல்வதும் அந்த எண்ணத்தில்தான் என்று நினைக்கிறேன். கோல்டன் அந்த ரகம் இல்லை. அவர் ரூட் (பந்து வாங்க ஓடும் பாதை) ஓடுகிற விதம் வேறு. ஓடிக்கொண்டே தோளை அசைக்காமல் வேகத்தை மட்டும் குறைப்பார், காக்கிறவன் அதை உணர்வதற்குள் உள்பக்கம் வெட்டிவிடுவார். சீசன் போகப் போக எங்கள் குவாட்டர்பேக் நெருக்கடி வந்தால் தேடிய முதல் ஆள் அவர்தான்.

சாட்சிக்கு இரண்டு ஆட்டம் சொல்கிறேன். எஸ்இசி (கல்லூரி லீக்) இறுதிப் போட்டியில் ஜார்ஜியாவுக்கு எதிராக 8 கேட்ச், 162 யார்டு. அப்புறம் புத்தாண்டு அன்று பீச் பௌலில் அரிசோனா ஸ்டேட். கூடுதல் நேரம், நான்காம் டவுன், 13 யார்டு வேண்டும், பிடிக்காவிட்டால் பருவமே முடிந்தது. 28 யார்டு டச்டவுன். பிடித்தது கோல்டன். நம்பிக்கை என்று நீங்கள் சொல்கிறீர்களே, இதைவிடப் பெரிய மூன்றாம் டவுன் உண்டா?

டாப்ஸ் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. ஆனால் போன அக்டோபரில் பயிற்சிக்கு வராமல் போய் ஓர் ஆட்டத் தடை வாங்கினார். நவம்பரிலும் ஜனவரியிலும் தலையில் அடி, இரண்டு கன்கஷன். இந்தப் பருவத்தோடு அவர் ஒப்பந்தமும் முடிகிறது. நாளைக்கு இல்லாமல் போகக்கூடியவரை மையமாக வைத்து ஏன் வரிசை கட்ட வேண்டும்? முதல் சுற்றுப் பிள்ளையை முதல் நாளே ஆடவிட்டுப் பழக்குங்கள்.

காகிதஆலை_கரூர்

தம்பி, நேரில் பார்த்தவர் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன். அந்த நான்காம் டவுனை நானும் வீட்டில் எழுந்து நின்று பார்த்தேன். ரூட் விஷயத்திலும் நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம், நான் அவரை வெறும் வேகக்காரராகத்தான் எண்ணியிருந்தேன்.

ஆனால் அந்தத் தடையைப் பற்றி ஒரு வார்த்தை. தனக்குப் பந்து போதுமான அளவு வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது என்றுதான் அப்போது எல்லோரும் பேசினார்கள். அதற்காகப் பயிற்சியைத் தவிர்த்தது தவறு, அணி தண்டித்ததும் நியாயம். ராம்ஸ் ஆட்டத்தில் உட்காரவைத்தார்கள். அடுத்த வாரமே கார்டினல்ஸுக்கு எதிராக வந்து இரண்டு டச்டவுன் பிடித்தார். எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஆண்டு முழுக்க மறித்தார். எங்கள் ஆலையிலும் ஒரு நாள் கோபித்துக்கொண்டு போய், மறுநாள் வந்து இரண்டு ஆள் வேலை செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் மதிக்கிறேன்.

ஒப்பந்தம் முடிகிறது என்பது மேலாளர் பிரையன் குட்டகன்ஸ்ட் யோசிக்க வேண்டியது. ஞாயிற்றுக்கிழமை மதியம் களத்தில் யார் நிற்பது என்பது பயிற்சியாளர் மேட் லஃப்ளூரின் கணக்கு. இரண்டையும் குழப்பக் கூடாது.

புதுரசிகன்_மேடிசன்

மன்னிக்கவும், நான் இந்த ஆட்டத்துக்குப் புதிது, போன ஆண்டுதான் படிக்க வந்தேன். ‘வாட்சனின் இடம்’, ‘டாப்ஸின் இடம்’ என்கிறீர்கள். எல்லோரும் ரிசீவர்தானே? யார் வேகமோ அவரை மேலே எழுதினால் போதாதா?

காகிதஆலை_கரூர்

நல்ல கேள்வி, எனக்கே இது புரிய ஒரு பருவம் ஆனது. பந்தை ஆட்டத்துக்குள் விடும்போது தாக்கும் அணியில் ஏழு பேராவது கோட்டில் நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் ஓரத்து ரிசீவர்களில் ஒருவர் கோட்டிலேயே நின்றாக வேண்டும். அவரை எக்ஸ் என்பார்கள். அவர் எதிரே கார்னர்பேக் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி வந்து நிற்கலாம், பந்து ஆட்டத்துக்குள் வந்ததும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளலாம். அங்கே வேகத்தைவிட உடம்பும் கையும் பொறுமையும் வேண்டும். டாப்ஸ் அந்த வேலைக்காரர்.

இன்னொரு பக்கம் நிற்பவர் கோட்டிலிருந்து ஓர் அடி பின்னால் நிற்கலாம், பந்து வருவதற்கு முன் நகரலாம். அவர் இசட். அவரை உடனே பிடித்து அமுக்குவது கடினம், அதனால் வேகம் எடுக்க இடம் கிடைக்கும். லவ்வுக்கு நீண்ட பந்து எறிவது பிடிக்கும். வாட்சன் அங்கிருந்து ஓடத் தொடங்கினாலே காவலில் இருக்கும் இரண்டு சேஃப்டிகளும் பின்வாங்குவார்கள், நடுவில் மைதானம் காலியாகும். 2024இல் அவருக்கு 29 கேட்ச்தான், ஆனால் 620 யார்டு. ஒரு கேட்சுக்கு 21 யார்டுக்கு மேல்! அவர் பிடிக்காத பந்துகளிலும் அவர் பங்கு இருக்கிறது என்று நான் சொல்வது அதனால்தான்.

மூன்றாமவர் உள்ளே, டேக்கிள் (கோட்டில் மறிக்கும் பெரிய ஆள்) பக்கத்தில் நிற்கும் ஸ்லாட். அது ரீடின் வீடு. இரு பக்கமும் திரும்பலாம், பந்தோடு ஓடவும் விடலாம். 2023இல் ரூக்கியாக (முதல் ஆண்டு வீரராக) 64 கேட்ச் பிடித்து, ஸ்டெர்லிங் ஷார்ப் 1988இல் வைத்த அணியின் ரூக்கி சாதனையான 55ஐ உடைத்தார். போன ஆண்டு முதல் ஆட்டம் பிரேசிலில் நடந்ததே, சாவோ பாலோவில். அன்று 138 யார்டு, ஒரு 70 யார்டு டச்டவுன், போதாதற்கு 33 யார்டு ஓடி இன்னொன்று.

இங்கேதான் என் மனத்தாங்கல். லஃப்ளூருக்கு இரண்டு டைட் எண்ட் (மறிக்கவும் பந்து பிடிக்கவும் செய்யும் பெரிய ஆள்) வைத்து ஆடுவது பிடிக்கும். டைட் எண்ட் டக்கர் கிராஃப்ட் 707 யார்டு எடுத்த பிறகு அதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் இரண்டு டைட் எண்ட் வந்தால் ஸ்லாட் ஆள் வெளியே உட்கார வேண்டும். போன ஆண்டு 857 யார்டோடு அணியிலேயே அதிகம் எடுத்த ரீட், முக்கியமான நேரங்களில் ஓரக்கோட்டில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். டெப்த் சார்ட்டில் (அணியின் வரிசைப் பட்டியல்) முதல் வரிசையில் பெயர் இருந்து என்ன பயன்?

மில்வாக்கி_இயன்முறை

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், வாட்சன் பெயர் வந்ததால் எழுதுகிறேன். நான் முழங்கால் அறுவைக்குப் பிந்தைய நோயாளிகளோடு வேலை செய்யும் இயன்முறை மருத்துவர். வாட்சனை நான் பார்த்ததில்லை, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாட்சனுக்குக் கிழிந்தது ஏசிஎல் என்ற முழங்கால் தசைநார். அது கிழிந்தால் திரும்பி ஆட ஒன்பது மாதம் என்பது குறைந்தபட்சம், பலருக்கு ஒரு வருடம் ஆகும். ஒன்பது மாதத்துக்கு முன் அவசரப்பட்டுத் திரும்புபவர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு அதிகம். ஜனவரி 5 அன்று அடிபட்டது, எண்ணிப் பாருங்கள், அக்டோபர் வந்துவிடும். பி.யு.பி. (ஆட உடல் தகுதி இன்னும் பெறாதவர்கள்) பட்டியலில் பருவத்தைத் தொடங்கினால் முதல் நான்கு ஆட்டங்கள் கட்டாயம் கிடையாது. நான் அணியில் இருந்தால் அந்த நான்கோடு இன்னும் இரண்டு மூன்றைச் சேர்த்து மறந்துவிடுவேன்.

இன்னொன்று. வாட்சனுக்கு இதற்கு முன்பு தொடைப் பின்தசையில்தான் தொடர்ந்து தொந்தரவு. 2024 பருவத்துக்கு முன் விஸ்கான்சின் பல்கலையில் பரிசோதித்து, இரண்டு கால்களின் பலத்துக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருப்பதைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் உழைத்தார். அந்த உழைப்பு பலன் தந்த ஆண்டில்தான் முழங்கால் போனது. அந்தச் செய்தி வந்த அன்று, எங்கள் சிகிச்சை அறையில் இதே அறுவை செய்துகொண்ட பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, வாட்சன் பெயர் போட்ட சட்டையோடு படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

அவர் இந்தப் பருவத்தில் திரும்பினாலும், வந்த முதல் வாரமே சேஃப்டிகளைப் பயமுறுத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓடிவந்து நிற்பதும் திரும்புவதும்தான் கடைசியாக வரும். ஆகவே கோல்டன் ‘வாட்சன் வரும்வரை’ என்று எழுதாதீர்கள் ஐயா. அந்த இசட் இடம் இந்த ஆண்டு முழுக்கவே கோல்டனுடையது. வாட்சன் வந்தால் அவர் பின்னால் சேரட்டும், ஓர் ஆட்டத்துக்குப் பதினைந்து இருபது தடவை மட்டும் களத்துக்கு வரட்டும்.

டாப்ஸ் பற்றி உங்களோடு உடன்படுகிறேன், ஒரு கவலையோடு. இரண்டு மாதத்துக்குள் இரண்டு கன்கஷன் என்பது விளையாட்டில்லை. மறிப்பதற்கு அவரைத்தான் அனுப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லும்போது, ஒவ்வொரு ஓட்டத்திலும் அவர் தலை எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

காகிதஆலை_கரூர்

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கடைசி வரி என்னை உட்காரவைத்துவிட்டது. நான் அவர் மறிப்பதைப் புகழ்ந்துகொண்டே இருந்தேன், அந்த மறிப்புக்கு அவர் என்ன விலை கொடுக்கிறார் என்று யோசிக்கவில்லை. அங்கேதான் சேவியன் வில்லியம்ஸ் உதவ முடியும் என்று இப்போது தோன்றுகிறது. ஆறடி நாலங்குலம், நல்ல கட்டுமஸ்து. கல்லூரியில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடவும் செய்தவர். ரூட்டெல்லாம் மெதுவாகக் கற்கட்டும், ஓட்ட ஆட்டங்களில் டாப்ஸுக்குப் பதில் மறிக்க முதல் நாளே அனுப்பலாம்.

ஆஸ்டின்_தமிழன்

அண்ணா, விக்ஸைப் பற்றி இதுவரை ஒரு வரிகூட இல்லையே. அவரையும் போ மெல்டனையும் எங்கே வைக்கிறீர்கள்? 53 பேர் அணியில் ஏழு ரிசீவரையா வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

காகிதஆலை_கரூர்

விக்ஸைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டது உண்மை, ஏனென்றால் அவர் விஷயத்தில் என் மனசு ஆடிக்கொண்டே இருக்கிறது. நம் ரிசீவர்களில், காக்கிற ஆளைக் கழற்றிவிட்டுத் தனியாக நிற்பதில் அவர்தான் கெட்டிக்காரர் என்பேன். கோட்டில் நின்றால் கால் பேசும். ஆனால் போன ஆண்டு அவரை நோக்கி 76 பந்து போய், 39தான் கேட்ச் ஆனது. பாதி! எல்லாம் அவர் பிழை இல்லை, லவ்வுக்கும் காலில் அடி இருந்தது. ஆனாலும் கைக்கு வந்து விழுந்தவற்றை எத்தனை தடவை என் மகனோடு சோஃபாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். “அப்பா, அவர் பிடிக்கறதுக்கு முன்னாடியே ஓடப் பாக்கறார்” என்றான் பன்னிரண்டு வயதுப் பையன். சரியாகத்தான் சொன்னான்.

மெல்டன் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சியாட்டில் ஏழாம் சுற்றில் எடுத்து விட்டுவிட்ட ஆள். 2023 கடைசி நாள் மினசோட்டாவில் 105 யார்டு எடுத்தார், அந்தப் பருவத்தில் 100 யார்டைத் தொட்ட முதல் பேக்கர்ஸ் ரிசீவரே அவர்தான். இந்த ஜூனில் ஜைர் அலெக்சாண்டரை விடுவித்துக் கார்னர்பேக்கில் ஓட்டை விழுந்தபோது, மெல்டனை அங்கே ஆடவைத்துப் பார்த்தார்கள். தம்பி மேக்ஸ் மெல்டன் அரிசோனாவில் கார்னர்பேக், அந்த ரத்தம் இவருக்கும் இருக்கும். பந்துக்கு இரு பக்கமும் நிற்கக்கூடியவர், பந்தை உதைக்கும் சிறப்பு ஆட்டங்களிலும் ஓடுபவர். அவரை ரிசீவர் கணக்கில் எழுதாமல் கார்னர்பேக் கணக்கில் எழுதினால் ஓர் இடம் மிச்சம். மலிக் ஹீத், மார்ச்சில் எடுத்த மெக்கோல் ஹார்ட்மன் இருவரும் அந்த மிச்ச இடத்துக்கு ஆகஸ்ட் முழுக்க மோத வேண்டியதுதான்.

இரண்டு நாளாக இங்கே நடந்த பேச்சுக்குப் பிறகு, நேற்று இரவு ஷிஃப்டில் ஒரு கழிவுத்தாளின் பின்பக்கம் இப்படி எழுதினேன். எக்ஸ் இடத்தில் டாப்ஸ், அவர் பின்னால் விக்ஸ். இசட் இடத்தில் கோல்டன், பின்னால் அக்டோபரிலோ நவம்பரிலோ வாட்சன். ஸ்லாட்டில் ரீட், பின்னால் வில்லியம்ஸ். இரண்டு டைட் எண்ட் வரும் ஆட்டங்களில் வெளியே போவது ரீட் இல்லை, அந்த நாளில் யார் சரியில்லையோ அவர். ஓட்டத்துக்கு மறிக்க டாப்ஸும் வில்லியம்ஸும் மாறி மாறி. ‘வாட்சன் வரும்வரை’ என்று முதலில் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டேன், மருத்துவர் அம்மா சொன்னதால்.

மேசையில் அதைக் காட்டியபோது, முப்பது வருடமாக அந்த ஆலையில் இருக்கும் பெரியவர் ஒருவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, டாப்ஸ் பெயரின் மேல் விரலால் இரண்டு தட்டு தட்டி, தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகாம் தொடங்கும் வாரத்தில் ரே நிட்ச்கே மைதானத்துக்கு அவரோடு போகிறேன். வீரர்கள் பிள்ளைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போவார்களே, அதற்காக மகன் இப்போதே சங்கிலிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறான். யாருக்குத் தருவாய் என்று கேட்டேன். ரீடுக்கு என்கிறான்.

புதுரசிகன்_மேடிசன்

நானும் வரலாமா சார்? மேடிசனிலிருந்து பஸ் பிடித்து ஆப்பிள்டன் வரைக்கும் வந்துவிடுகிறேன்.

காகிதஆலை_கரூர்

தாராளமாக வாங்க. காரில் ஓர் இடம் இருக்கிறது. காலை ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவோம், புளிச்சோறு கட்டிக்கொண்டு.